பழைய காரின் ஸ்பார்க்கும் புகையும்: உப்புக் காற்றுள்ள ஊரில் மொறிஸ் மைனர் எஞ்சினுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் பழைய கார் வைத்திருப்பவர் கராஜுக்கு வந்து இறங்கியதும் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணை, காபரேட்டரைக் கொஞ்சம் பாருங்கோ." கார் ஏற்றத்தில் இழுக்கவில்லையா, ஐட்லிங்கில் நிற்கவில்லையா, புகைப் பரிசோதனையில் தவறிவிட்டதா, எல்லாப் பழியும் பெற்றோலையும் காற்றையும் கலக்கும் அந்தக் காபரேட்டர் தலையில். ஆனால் திறந்து பார்த்தால் குற்றவாளி, ஸ்பார்க்கை நான்கு பிளக்குக்கும் பகிரும் டிஸ்ரிபியூட்டரின் மூடிக்குள் இருப்பான். அதனால் என் பிடிவாதம் இது: காபரேட்டரைக் கடைசியில் தொடுங்கள். வால்வு, பிளக், பொயின்ற் (ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் சின்ன மின்தொடுப்பு), மூடியும் வயர்களும், டைமிங் (ஸ்பார்க் பாயும் நேரம்), காற்றுக் கசிவு, அதன் பிறகே காபரேட்டர். கீழே உள்ளதெல்லாம் அந்த ஒழுங்கில்தான் போகிறது. ஒழுங்கு மாறினால் ஒரு பிழையை மறைக்க இன்னொரு பிழையைச் செட் பண்ணிவிட்டு வீட்டுக்குப் போவீர்கள்.

உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது மொறிஸ் மைனர் 1000. 1962இல் வந்த 1098 சிசி எஞ்சின், லூக்காஸ் 25டி4 டிஸ்ரிபியூட்டர், ஒற்றை எஸ்யூ காபரேட்டர். முந்திய 948 சிசி எஞ்சினுக்கும், அதே குடும்பத்து எஞ்சின் உள்ள ஒஸ்ரின் ஏ40, மினி ஆகியவற்றுக்கும் முறை ஒன்றுதான். பீட்டில், டட்சன், பழைய கொரொல்லா வைத்திருப்பவர்களும் இதே வரிசையில் போகலாம். இலக்கங்களை மட்டும் உங்கள் காரின் கைநூலில் இருந்து எடுங்கள்.

நம் ஊர்க் காற்று செய்யும் வேலை

கொழும்பில் எழுதப்பட்ட பராமரிப்பு அட்டவணையை இங்கே அப்படியே பின்பற்ற முடியாது. மூன்று பக்கமும் கடல். உப்பு கலந்த ஈரம் இரவில் எஞ்சின் மேல் படிகிறது. பகலில் காய்ந்து உப்பாக நிற்கிறது. அடுத்த நாள் பனியில் அதே உப்பு ஈரத்தை இழுத்து மின்சாரம் கடத்தும் படலமாகிறது. உள்துறைமுக வீதியிலோ உப்புவெளி, நிலாவெளிப் பக்கமோ இரவில் வெளியே நிற்கும் கார்களுக்கு இது இரட்டிப்பு.

மற்றது பருவம். கச்சான் காற்று அடிக்கும் மே முதல் செப்ரெம்பர் வரை வெயிலும் தூசியும்: காற்று வடிகட்டி அடைபடும், பெற்றோல் லைனிலேயே ஆவியாகும், ஸ்பார்க்குக்கு உயர் வோல்ற் கொடுக்கும் கொயில் கொதிக்கும். ஒக்ரோபர் கடைசியில் மாரி தொடங்கினால் ஈரம்: மூடியில் கசிவு, காலையில் ஸ்டார்ட் இல்லை. ஆகவே கிலோமீற்றர் கணக்கை விடப் பருவக் கணக்கே இங்கே பொருத்தம். சித்திரைக்குப் பிறகு ஒரு தடவை, மாரி தொடங்க முன் ஒரு தடவை முழுப் பரிசோதனை. இடையில் 5000 கிலோமீற்றர் ஓடிவிட்டால் அப்போதும் ஒரு தடவை.

தொடங்குமுன்

பீலர் கேஜ், பிளக் ஸ்பேனர், சிறிய தட்டை ஸ்குறூட்றைவர், மல்ரிமீற்றர், 12 வோல்ற் 5 வாற் பல்ப்பில் இரண்டு வயர் பிடித்த ரெஸ்ற் லாம்ப். இவ்வளவும் போதும். ஸ்றோப் லைட் இருந்தால் நல்லது.

ஹாண்ட்பிறேக் இழுத்து, கியரை நியூட்ரலில் விட்டு, சில்லுக்குக் கட்டை வையுங்கள். சாரம் கட்டிக்கொண்டு ஓடும் எஞ்சினின் ஃபேன் பக்கம் குனிய வேண்டாம். கதவடைத்த ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடவே கூடாது. நிறமும் மணமும் இல்லாத காபனோரொட்சைட்டு ஆளைச் சாய்த்துவிடும். இன்னொன்று: பொயின்ற் மூடியிருக்கும் நிலையில் சாவியை ஓன் பண்ணிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால் கொயில் சுட்டுவிடும்.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பொசிடிவ் பக்கம்தான் பாடியோடு எர்த் ஆகியிருக்கும். உங்களுடையது எது என்று பற்றரியைப் பார்த்து உறுதி செய்யுங்கள். முன்னைய சொந்தக்காரர் றேடியோ பூட்டுவதற்காக மாற்றியும் இருக்கலாம்.

அந்த எர்த் வயரையும் விட்டுவிடாதீர்கள். பற்றரியிலிருந்து பாடிக்கும், எஞ்சினிலிருந்து பாடிக்கும் போகும் பட்டைகளைக் கழற்றி, உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, பூட்டிய பிறகு மேலே கிறீஸ் பூசுங்கள். பச்சை பூத்த எர்த்தோடு மற்ற எந்த வேலையும் நிற்காது.

வால்வு இடைவெளி

ஸ்பார்க் பற்றிய வழிகாட்டியில் வால்வு எதற்கு என்று கேட்கலாம். இலங்கையில் 2002 நடுப்பகுதியில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. அதுவரை அந்த ஈயம்தான் பழைய எஞ்சின்களின் எக்சோஸ்ற் வால்வு இருக்கைக்கு ஒரு மெல்லிய காப்பாக இருந்தது. கடினமான இருக்கை போடாத பழைய ஹெட்டில், நீண்ட தூரம் வேகமாக ஓடினால் வால்வு மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். இறங்க இறங்க இடைவெளி குறையும். ஒரு கட்டத்தில் வால்வு முழுதாக மூடாது. பாதி எரிந்த வாயு கசிந்தால், எவ்வளவு நல்ல ஸ்பார்க் கொடுத்தும் பயன் இல்லை.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.012 அங்குலம், எட்டு வால்வுக்கும் ஒரே அளவு. எதை எப்போது செட் பண்ணுவது என்பதற்கு இந்த எஞ்சினில் ஒரு சுலபக் கணக்கு: கூட்டுத்தொகை ஒன்பது. எட்டாம் வால்வு முழுதாக அமுங்கியிருக்கும்போது முதலாவதைச் சரிசெய்யுங்கள். ஆறாவது அமுங்கும்போது மூன்றாவதை. கண்ட அளவுகளை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே எக்சோஸ்ற் வால்வு இறுகியே காணப்பட்டால் ஹெட்டைக் கழற்றிக் கடினமான இருக்கை போட வேண்டிய நாள் வருகிறது என்று அர்த்தம்.

பிளக்

கழற்றுமுன் சுற்றியுள்ள தூசியை ஊதிவிடுங்கள். கழற்றிய நான்கையும் சிலிண்டர் வரிசையிலேயே வைத்துப் பாருங்கள். வெளிர் மண்ணிறம் என்றால் நல்லது. ஈயமற்ற பெற்றோலில் அந்த நிறம் முன்பைவிட வெளிறியே தெரியும், பயப்பட வேண்டாம். உலர்ந்த கரி என்றால் பெற்றோல் கூட. எண்ணெய்ப் பசை என்றால் றிங் அல்லது வால்வு கைட் தேய்மானம். வெள்ளையாகக் கொப்பளித்திருந்தால் காற்றுக் கசிவு, டைமிங் முன்னேற்றம், பிழையான பிளக், மூன்றில் ஒன்று. நான்கும் ஒரே மாதிரி இருந்தால் பொதுவான காரணத்தைத் தேடுங்கள். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தச் சிலிண்டரோடு நில்லுங்கள்.

என்ஜிகே பிபி6இஎஸ் அல்லது சாம்பியன் என்9வைசி இந்த எஞ்சினுக்குப் பொருந்தும். இடைவெளி 0.025 அங்குலம். பெட்டியிலிருந்து எடுத்த பிளக் பெரும்பாலும் இதைவிட அகலமாகவே வரும், அளக்காமல் பூட்ட வேண்டாம்.

பொயின்றும் கொன்டென்சரும்

இங்கேதான் நேரம் எடுக்க வேண்டும். சின்னப் பகுதிதான், ஆனால் எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு தடவை திறந்து மூடுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் பொயின்ற் 6000 தடவை திறக்கிறது. திறக்கும் அந்தக் கணத்தில் கொயிலின் காந்தப்புலம் சரிந்து ஸ்பார்க் பிறக்கிறது. திறப்பு சுத்தமாக இல்லாவிட்டால் ஸ்பார்க்கும் இல்லை.

மூடியைக் கழற்றி, உள்ளே சுழன்று ஸ்பார்க்கைப் பகிரும் றோட்டரை நேரே மேலே இழுத்து எடுங்கள். பொயின்றின் முகங்களை விரலால் விலக்கிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் சமமாக இருந்தால் நன்று. ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருந்தால் மாற்றுங்கள். அரத்தால் தேய்த்துச் சமாளிப்பது வழியில் நின்றால் மட்டும். வீட்டில் இருக்கும்போது புதிது போடுங்கள். முகம் நீலமாகக் கருகியிருந்தால், பொயின்றில் தீப்பொறி பறக்காமல் தடுக்கும் கொன்டென்சரில் சந்தேகம்.

புதிய பொயின்றின் முகத்தில் துரு பிடிக்காமல் ஒரு பூச்சு இருக்கும். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்த பிறகே பூட்டுங்கள். 25டி4இல் பலர் தடுக்கி விழும் இடம் பொயின்றின் ஸ்பிறிங் பொருந்தும் சின்னக் கம்பம். கொன்டென்சரின் வயரும், உள்ளே வரும் மெல்லிய வயரும் பொயின்றின் ஸ்பிறிங்கைத் தொட வேண்டும். ஆனால் கம்பத்தையோ நட்டையோ தொடக்கூடாது. பிளாஸ்ரிக் புஷ்ஷின் தோளில் இரண்டும் இருக்க, மேலே நட் இறங்க வேண்டும். ஒரு வொஷர் இடம் மாறினால் பொயின்ற் நிரந்தரமாக எர்த் ஆகிவிடும்; கார் ஒரு தடவைகூட இருமாது. பூட்டியதும் மல்ரிமீற்றரை வைத்து, பொயின்ற் திறந்திருக்கும்போது அந்த ஸ்பிறிங்குக்கும் பாடிக்கும் தொடர்பு இல்லை என்று பாருங்கள். கொயில் பக்க வயரைக் கழற்றிவிட்டு இதைச் செய்ய வேண்டும்.

இப்போது இடைவெளி. ஹாண்டிலால் எஞ்சினைச் சுற்றி, பொயின்றின் பைபர் குதி காமின் (ஷாஃப்டில் நான்கு மேடுள்ள பகுதி) உச்சியில் ஏறும்வரை கொண்டுவாருங்கள். பிடிக்கும் ஸ்குறூவைச் சற்றுத் தளர்த்தி, வெட்டில் ஸ்குறூட்றைவரைத் திருப்பி 0.015 அங்குலத்துக்கு வையுங்கள். 0.014 முதல் 0.016 வரை ஏற்கத்தக்கது. பீலர் மெல்ல உரசிக்கொண்டு போக வேண்டும், தள்ளித் திறக்கக்கூடாது. ஸ்குறூவை இறுக்கிய பிறகு திரும்ப அளந்து பாருங்கள், இறுக்கும்போது நகர்வது வழக்கம். பிறகு மற்ற மூன்று உச்சியிலும் அளந்து பாருங்கள். உச்சிக்கு உச்சி அளவு மாறினால் ஷாஃப்டின் புஷ் தேய்ந்திருக்கிறது. ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டினாலே தெரியும். அப்படியான டிஸ்ரிபியூட்டரில் பீலரை நம்ப முடியாது. பொயின்ற் மூடியிருக்கும் கோணத்தை அளக்கும் டுவெல் மீற்றரில் 60 பாகைக்கு, மூன்று கூடக் குறைய, வைப்பதே வழி. நிரந்தரத் தீர்வு புது புஷ்.

எண்ணெய் விடுவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். றோட்டருக்குக் கீழே ஷாஃப்ட் தலையில் தெரியும் ஸ்குறூவின் மேல் சில துளி எஞ்சின் ஒயில்; அதைக் கழற்றத் தேவையில்லை, பக்கத்தால் இறங்கும். காமில் கண்ணுக்குத் தெரியாத அளவு கிறீஸ். பொயின்றின் அச்சில் ஒரு துளி. தட்டின் துளை வழியே, வேகம் கூடும்போது டைமிங்கை முன்னேற்றும் கீழே உள்ள எடைகளுக்கு இரண்டு துளி. அதற்கு மேல் வேண்டாம். பொயின்றின் முகத்தில் எண்ணெய் பட்டால் கருகும். காமில் கிறீஸ் இல்லாவிட்டால் பைபர் குதி தேய்ந்து, இடைவெளி குறைந்து, டைமிங் தானாகவே பின்னுக்குப் போகும். 'போன மாதம் நல்லாத்தானே ஓடியது' என்ற முறைப்பாட்டின் பின்னால் பல தடவை இதுதான் இருக்கிறது.

கொன்டென்சருக்கு: மல்ரிமீற்றரில் கொள்ளளவம் அளக்கும் வசதி இருந்தால் சுமார் 0.2 மைக்ரோபரட் காட்ட வேண்டும். ஆனால் குளிரில் சரியாகக் காட்டிவிட்டுச் சூட்டில் செத்துப்போகும் கொன்டென்சர்கள் இருக்கின்றன. இப்போது சந்தையில் வரும் புதியவற்றின் தரம் சீராக இல்லை. நல்லபடி ஓடும் பழைய கொன்டென்சரை, புது பொயின்ற் போடுகிறோம் என்பதற்காக மட்டும் மாற்ற மாட்டேன். வழமைக்கு எதிரான பேச்சுத்தான், தெரியும்.

உள்ளே உள்ள இரண்டு மெல்லிய வயர்களையும் இழுத்துப் பாருங்கள்: கொயிலில் இருந்து வருவது ஒன்று, தட்டை எர்த் பண்ணுவது மற்றது. எஞ்சினின் உறிஞ்சலால் டைமிங்கை நகர்த்தும் வக்கூம் தட்டு ஆடுந்தோறும் இவையும் வளைந்து, மேலுறை நன்றாக இருக்க உள்ளே செப்பு அறுந்துவிடும். அக்சிலறேற்றரை மிதிக்கும்போது மட்டும் தடுமாறும் கார் என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

மூடி, றோட்டர், பிளக் வயர்

மாரிக்கால முறைப்பாடு முழுவதும் இங்கே. இரவில், வெளிச்சம் இல்லாத இடத்தில், பொனற்றைத் திறந்து எஞ்சினை ஓட விடுங்கள். பூச்செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிறே போத்தலால் மூடியின் மேலும் வயர்கள் மேலும் பனிபோல் தெளியுங்கள். நீலக் கோடுகள் ஓடினால் கசிவு எங்கே என்று கண்ணாலேயே காணலாம். கையை மட்டும் நீட்ட வேண்டாம்.

பகலில் மூடியைக் கழற்றி உள்ளும் புறமும் துடைத்துப் பாருங்கள். பென்சில் கோடு மாதிரி மெல்லிய கரிக்கோடு இரண்டு முனைகளுக்கு இடையில் போனால் மூடியை மாற்றுங்கள், சுரண்டினால் நிற்காது. நடுவில் உள்ள காபன் குச்சி ஸ்பிறிங்கோடு உள்ளே வெளியே அசைய வேண்டும்.

றோட்டர் நம்ப முடியாத சாமான். பித்தளைத் தகட்டை ரிவெற் அடித்துப் பொருத்திய வகையில், அந்த ரிவெற் அடியில் ஷாஃப்டுக்கு மிக நெருங்கிவிடும்; ஸ்பார்க் பிளக்குக்குப் போகாமல் அதன் வழியே ஷாஃப்டுக்கு இறங்கிவிடும். சோதிக்க: றோட்டர் பூட்டிய நிலையில், கொயிலின் நடு வயரை உலர்ந்த காப்புள்ள பிடியால் பிடித்து, றோட்டரின் பித்தளைக்கு 3 மில்லிமீற்றர் மேலே வைத்து, சாவி ஓனில் பொயின்றைக் காப்புள்ள ஸ்குறூட்றைவரால் திறந்து மூடுங்கள். ஒவ்வொரு திறப்புக்கும் ஸ்பார்க் பாய்ந்தால் றோட்டர் ஓட்டை. நல்ல றோட்டரில் பாய வழியே இராது. ரிவெற் இல்லாத வகை கிடைத்தால் அதை வாங்குங்கள். கொழும்பில் கார்ச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தைப் பக்கம் போகிறவர் யாரிடமாவது சொல்லிவிட்டால் இரண்டாக வாங்கிவரச் சொல்லுங்கள்.

பிளக் வயர் காபன் நடுவுள்ளதாக இருந்தால் ஒவ்வொன்றும் சில ஆயிரம் ஓம் காட்டும். நீளத்துக்கேற்ப மாறும், ஆனால் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு காட்டினால் அதைக் கழித்துவிடுங்கள். பூட்டும்போது றப்பர் மூடிகளின் உள்ளே சிலிக்கோன் கிறீஸ் சிறிது. உப்பு ஈரத்துக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை. வெடிக்கும் வரிசை 1-3-4-2. றோட்டர் மணிக்கூட்டுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது.

மினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காரில் டிஸ்ரிபியூட்டர் கிறிலுக்கு நேர் பின்னால் நிற்கிறது. வீதியில் தேங்கிய வெள்ளம் நேரே அதன் முகத்தில் அடிக்கும். பாத்திரம் கழுவும் றப்பர் கையுறையின் விரல் நுனிகளை வெட்டி, ஒவ்வொரு விரல் வழியாகவும் ஒரு வயரை எடுத்து மூடிக்கு மேல் போர்த்திவிடுவது பழைய தந்திரம். பார்க்க அசிங்கம், வேலை செய்யும்.

கொயில்

சாதாரண 12 வோல்ற் கொயிலின் முதல்நிலை மின்தடை சுமார் 3 ஓம். 1.5 ஓம் அளவில் காட்டினால் அது தடை வயரோடு வேலை செய்ய வேண்டிய வகை. நேரே பூட்டினால் கொயிலும் பொயின்றும் எரியும். சீபி (CB) என்று குறித்த முனை டிஸ்ரிபியூட்டருக்கு. எர்த்தை பொசிடிவிலிருந்து நெகடிவுக்கு மாற்றிய காரில் கொயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்ற வேண்டும்; மாற்றாவிட்டாலும் கார் ஓடும், ஆனால் ஸ்பார்க் பாய அதிக வோல்ற்றளவு தேவைப்பட்டு, சூட்டிலும் ஏற்றத்திலும் தடுமாறும். கொயிலிலிருந்து எண்ணெய் கசிந்தால் யோசிக்க வேண்டாம், மாற்றுங்கள்.

டைமிங்

பொயின்ற் இடைவெளி கூடினால் அது முந்தித் திறக்கும், டைமிங் முன்னேறும், குறைந்தால் பிந்தும். அதனால்தான் பொயின்றைச் செட் பண்ணாமல் டைமிங்கைத் தொட்டு வேலையில்லை.

மைனரில் குறிகள் டைமிங் மூடியின் அடிப்பக்கத்தில், கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கின்றன. நீண்ட முள் பிஸ்டனின் மேல்நிலை. மற்ற இரண்டும் அதற்கு 5, 10 பாகை முன். கீழே படுத்து ஒரு தடவை சரியாகப் பிடித்த பிறகு, பெல்ற் சுற்றும் கப்பியின் மேற்பக்கத்திலும் மூடியிலும் நேருக்கு நேர் வெள்ளைப் பெயின்ற் வைத்துவிடுங்கள். அடுத்த தடவை சட்டை அழுக்காகாது.

1. பிளக்குகளைக் கழற்றி, முதலாம் சிலிண்டர் துளையைப் பெருவிரலால் மூடி, ஹாண்டிலைச் சுற்றுங்கள். காற்றுத் தள்ளும்போது அது அமுக்க நிலை.
2. கப்பியிலுள்ள குறியை நீண்ட முள்ளுக்கும் 5 பாகை முள்ளுக்கும் நடுவே கொண்டுவாருங்கள். இது தொடக்க நிலை. கைநூலில் உங்கள் எஞ்சினின் இலக்கத்துக்கு வேறு அளவு இருந்தால் அதுவே செல்லும். தாண்டிப்போனால் பின்னுக்குத் திருப்பி நிறுத்த வேண்டாம். செயினின் தளர்ச்சி பொய் சொல்லும். நன்றாகப் பின்னுக்குப் போய் மறுபடி முன்னோக்கி வாருங்கள்.
3. ரெஸ்ற் லாம்பின் ஒரு வயரை கொயிலின் சீபி முனையிலும் மற்றதைப் பாடியிலும் பிடித்து, சாவியை ஓன் பண்ணுங்கள்.
4. டிஸ்ரிபியூட்டரின் கிளாம்பைத் தளர்த்தி, உடலை மணிக்கூட்டுக்கு எதிராக லாம்ப் அணையும்வரை திருப்பி, பிறகு மணிக்கூட்டுத் திசையில் மிக மெதுவாகத் திருப்புங்கள். லாம்ப் எரியும் அந்த இடத்தில் நிறுத்திக் கிளாம்பை இறுக்குங்கள்.

ஸ்றோப் லைட்டால் பார்ப்பதானால் வக்கூம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு ஐட்லிங்கில் பாருங்கள். பிறகு வேகத்தைக் கூட்டுங்கள்; குறி வழுக்கிக்கொண்டு முன்னேற வேண்டும். முன்னேறாவிட்டால் உள்ளே எடைகள் துருவில் இறுகியிருக்கின்றன. கடலோரத்தில் நெடுநாள் நின்ற கார்களில் இது சகஜம்.

வக்கூம் பெட்டியைச் சோதிக்க வாயே போதும். குழாயை உறிஞ்சி நாக்கால் அடையுங்கள். தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். திரும்பி வந்துவிட்டால் உள்ளே றப்பர் கிழிந்திருக்கிறது. அந்த ஓட்டை வழியே போகும் காற்று கலவையையும் கெடுக்கும்.

கடைசித் தீர்ப்பு வீதியில். சீனக்குடாவில் பிரிட்டிஷார் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகள் வரிசையாக நிற்கும் ஊர் என்றாலும் பம்பில் நமக்குக் கிடைப்பது 92 அல்லது 95 ஒக்ரேன் பெற்றோல்தான். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு உவர்மலை ஏற்றத்தில் மேல் கியரில் மெதுவாகத் தொடங்கி முழுதாக மிதியுங்கள். சில்லறைக் காசு குலுக்குவதுபோல ஒரு சத்தம் கேட்டால் டைமிங் முன்னால் நிற்கிறது. டிஸ்ரிபியூட்டரின் பக்கத்திலுள்ள சிறிய நெளிவு நட்டை 'ஆர்' (R, பின்னுக்கு) பக்கமாகச் சற்றுத் திருப்புங்கள். அளவுகோலின் ஒரு கோடு ஏறத்தாழ 5 பாகை, ஆகவே அதில் கால்வாசியில் தொடங்கினால் போதும். சத்தமே இல்லாமல் கார் மந்தமாக ஏறினால் 'ஏ' (A, முன்னுக்கு) பக்கம். 92இல் ஒலிக்கும் கார் 95இல் அமைதியானால் கச்சான் மாதங்களில் 95 அடிப்பது எஞ்சினுக்கு மலிவு.

எஞ்சினின் மூச்சுக்குழாய்

மாசுக் கட்டுப்பாடு என்றதும் புதிய கார் ஞாபகம் வரும். ஆனால் கிறாங்க் அறையின் ஆவியை வெளியே விடாமல் இன்லெற்றுக்கே திருப்பி எரிக்கும் முறை, கலிபோர்னியாவில் 1961 மொடல் கார்களிலேயே வந்துவிட்டது. நம் எஞ்சினில் பழையவற்றுக்கு வீதியை நோக்கித் தொங்கும் குழாயும் வால்வு மூடியிலிருந்து காற்று வடிகட்டிக்குப் போகும் குழாயும். பிந்திய சிலவற்றில் இன்லெற் மனிபோல்டின் மேல் வட்டமான ஒரு சின்ன வால்வு.

அந்த வால்வு வேலை செய்கிறதா என்று பார்க்க: சூடான எஞ்சின் ஐட்லிங்கில் ஓட, ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றுங்கள். வேகம் 200 சுற்றளவில் கூடினால் நன்று. மாற்றமே இல்லாவிட்டால் உள்ளே பிசின் பிடித்துவிட்டது. கழற்றிப் பெற்றோலில் கழுவி, டயப்பிறம் கிழியவில்லை என்று பார்த்துப் பூட்டுங்கள். ஒயில் மூடிக்குள்ளும் ஒரு வடிகட்டி இருக்கிறது, அதைக் கழுவ முடியாது, மாற்றத்தான் வேண்டும். இந்த வழி அடைபட்டால் உள்ளே அமுக்கம் ஏறி, சீல் ஒவ்வொன்றாக ஒயில் கசியும். கராஜ் தரையில் எண்ணெய்க்கோலம் போடும் பல கார்களுக்கு வியாதி சீலில் இல்லை.

பிந்திய ஜப்பானியக் கார்களில் பெற்றோல் ஆவியைப் பிடிக்கும் கரிப்பெட்டியும் இருக்கும். குழாய்களை மட்டும் பாருங்கள்: வெடித்தவை, கழன்றவை, போல்ற் சொருகி அடைக்கப்பட்டவை.

இனித்தான் காபரேட்டர்

காற்று வடிகட்டியை முதலில். பிறகு இன்லெற் கஸ்கற், துரொட்டில் அச்சு ஆகிய இடங்களில் ஒயில் கானால் ஒரு துளி விட்டுப் பாருங்கள். ஐட்லிங் மாறினால் அங்கே காற்றுப் போகிறது. அச்சுத் தேய்ந்த காபரேட்டரில் கலவை செட் பண்ணுவது வீண்.

எஸ்யூவின் மேல் மணியைக் கழற்றி, பிஸ்டனையும் உட்சுவரையும் பெற்றோலால் துடையுங்கள். சாண்ட் பேப்பர் காட்டவே கூடாது. நடுக்கம்பியில் மெல்லிய ஒயில், பக்கங்களில் எதுவும் வேண்டாம். மணியின் நடுவில் பிஸ்டனின் ஆட்டத்தை அடக்கும் டாம்பரில் எஞ்சின் ஒயில் ஊற்றுங்கள். டாம்பரை இறக்கும்போது மூடியின் புரி பிடிக்கச் சற்று முன்பே எதிர்ப்பு உணரப்பட்டால் அளவு சரி. பிஸ்டனைத் தூக்கி விட்டால் 'டக்' என்று விழ வேண்டும்.

சோக்கை இழுத்து விட்டு, அடியில் பெற்றோல் வரும் ஜெற் முழுதாக மேலே திரும்புகிறதா என்று விரலால் தள்ளிப் பாருங்கள். பாதியில் நிற்கும் ஜெற் காரை நாள்முழுதும் சோக்கில் ஓட்டுகிறது. கறுப்புப் புகைக்கு இதைவிடச் சாதாரண காரணம் இல்லை.

கலவைக்கு: எஞ்சின் நன்றாகச் சூடாக, காபரேட்டரின் பக்கத்திலுள்ள தூக்கும் ஊசியால் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றர் அளவுக்குத் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் கூட, ஜெற் நட்டை மேலே ஏற்றுங்கள். உடனே மூச்சு விட்டு அணையப் பார்த்தால் குறைவு, கீழே இறக்குங்கள். கணநேரம் கூடி மறுபடி அமைந்தால் சரி. ஒரு தடவைக்கு நட்டின் ஒரு முகம் மட்டும்.

புகைப் பரிசோதனை

வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன் வரும் அந்தத் தாளில் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் தனித்தனியே இருக்கும். தேர்ச்சி, தவறு என்பதை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள், அது உங்கள் எஞ்சினின் இரத்தப் பரிசோதனை.

காபனோரொட்சைட்டு கூட, ஐதரோகாபன் அளவோடு: பெற்றோல் கூட. வடிகட்டி, சோக், ஜெற், மிதவை. ஐதரோகாபன் எகிறி, காபனோரொட்சைட்டு தாழ்வு: பெற்றோல் எரியாமலே வெளியே போகிறது. இங்கே காபரேட்டரில் கை வைத்தால் கெடுதி. பிளக், வயர், றோட்டர், பொயின்ற், இறுகிய வால்வு, காற்றுக் கசிவு என்று தேடுங்கள். இரண்டும் கூட என்றால் முதலில் ஸ்பார்க்கைத் தீருங்கள், பிறகு கலவையை. ஐதரோகாபனோடு நீலப் புகையும் இருந்தால் எரிவது எஞ்சின் ஒயில். டியூனிங்கால் அதைக் குறைக்க முடியாது.

போகுமுன் பழைய ஒயிலை மாற்றுங்கள். சோக்கில் அதிகம் ஓடிய காரின் ஒயிலில் பெற்றோல் கலந்து, அந்த ஆவி மூச்சுக்குழாய் வழியாக மறுபடி எஞ்சினுக்குள் போய்க் கணக்கைக் கூட்டும். சைலன்சர் குழாயில் ஓட்டை இருந்தால் அடையுங்கள். பரிசோதனை நிலையத்துக்குச் சுற்றுவழியில் போங்கள். பாலையூற்றில் இருந்து நேரே போய் நிற்பதைவிட, கன்னியா வரை ஒரு ஓட்டம் போய்த் திரும்பி, எஞ்சினை அணைக்காமல் வரிசையில் நிற்பது நல்லது.

எலெக்ரோனிக் போடலாமா?

பொயின்றுக்குப் பதிலாக டிஸ்ரிபியூட்டருக்குள்ளேயே அடங்கும் மொடியூல்கள் வருகின்றன. எர்த் வகைக்கும் கொயிலின் ஓமுக்கும் பொருந்துவதை வாங்கினால் நல்லவை; இடைவெளி தேயாது, தேய்ந்த ஷாஃப்டையும் ஓரளவு மன்னிக்கும். ஆனால் அவை போகும்போது முன்னறிவிப்பு இல்லாமல் போகும், வீதியோரத்தில் திருத்தவும் முடியாது. இரவில் கந்தளாய் தாண்டி ஹபறணைப் பக்கம் போகிறவருக்கு, யானை கடக்கும் அந்த வீதியில் நிற்பது விளையாட்டில்லை. ஆகவே மொடியூல் போட்டாலும், கழற்றிய பழைய தட்டை, செட் பண்ணிய பொயின்றோடும் ஓடிப் பார்த்த கொன்டென்சரோடும் அப்படியே ஒரு டின்னில் போட்டு டிக்கியில் வையுங்கள். கூடவே ஒரு றோட்டர், ஒரு பிளக், நீளமான ஒரு பிளக் வயர், பீலர் கேஜ், ரெஸ்ற் லாம்ப், ஒரு ரோர்ச். ரோர்ச்சின் பற்றரியை மட்டும் கழற்றித் தனியே வையுங்கள். உப்புக் காற்று அதையும் விடாது.